தேன் குடித்தால் மாத்திரையின் விஷம் முறியுமா?

கொஞ்சம் நீளமான பதிவு இது. அடுப்பில் ஏதாவது வைத்திருந்தால் இறக்கி வைத்துவிட்டு வந்து படியுங்கள்.

சில வாரங்களாக ஒரு வாட்ஸ்அப் செய்தி நம் குடும்பக் குழுவிலும் பழைய மாணவர் குழுவிலும் மாறி மாறிச் சுற்றுகிறது. தினமும் காலையில் இரண்டு ஸ்பூன் மலைத்தேன் குடித்தால், நாம் சாப்பிடும் மாத்திரைகள் கல்லீரலையும் கிட்னியையும் தொடவே தொடாதாம். வெளிநாட்டு விஞ்ஞானிகள் நிரூபித்துவிட்டார்களாம். கீழே ஒரு தேன் பாட்டில் படம். அதற்கும் கீழே, தேன் வேண்டுவோர் அழைக்க ஒரு போன் நம்பர்!

"டீச்சர், இது நிஜமா?" என்று மூன்று பேர் தனித்தனியாகக் கேட்டுவிட்டார்கள். அதில் ஒருவர் முழங்கால் வலிக்கு தினம் இரண்டு வேளை மாத்திரை போடுகிறவர். "தேன் குடிச்சுக்கிட்டா மாத்திரையை விட வேண்டியதில்லைல்ல?" என்பது அவருடைய கேள்வி. அந்தக் கேள்விதான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தேன் நல்ல பொருள். ஆனால் மாத்திரை செய்கிற கெடுதலைத் தேன் பின்னாலேயே வந்து துடைத்துவிடும் என்று நம்பி மாத்திரையை விழுங்குவது ஆபத்து. தேன் நம் சிறுநீரகத்தைக் காப்பாற்றுகிற வழி ஒன்று உண்மையிலேயே உண்டு. அது அந்தச் செய்தியில் சொல்லாத வழி.

நான் டாக்டர் இல்லை. ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டுப் பிள்ளைகளுக்கு அறிவியலும் கணக்கும் சொல்லிக்கொடுத்தவள். ஒரு விடை சரியா என்று பார்க்க, அந்த விடைக்கு எப்படி வந்தாய் என்று கேட்பது எங்கள் வழக்கம். அதே கேள்வியைத்தான் இந்தச் செய்தியிடமும் கேட்கிறேன்.

முதலில் ஒன்று. தேனைப் பற்றி நமக்கு யாரும் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை. வடகவுஞ்சிக்காரர்கள் நாம். காப்பிச் செடி ஒரே நாளில் வெள்ளையாகப் பூத்து நிற்கும்போது தோட்டம் முழுக்கத் தேனீ இரைகிற சத்தம் கேட்டு வளர்ந்தவர்கள். பாறை இடுக்கில் கட்டுகிற மலைத்தேன், கிளையில் கட்டுகிற கொம்புத்தேன், மரப்பொந்துத் தேன், புற்றுத்தேன், வீட்டோரம் கட்டுகிற மனைத்தேன் என்று சித்த மருத்துவம் பிரித்துச் சொல்வதை நம் பெரியவர்கள் கண்ணால் பார்த்தே சொல்வார்கள். கயிறு கட்டிப் பாறையில் இறங்கித் தேன் எடுக்கிற பளியர் மக்களின் துணிச்சலும் நமக்குத் தெரியும். பழனி பஞ்சாமிர்தத்தில் மலை வாழைப்பழத்தோடு தேனும் சேர்கிறது. 2018இல் குறிஞ்சி பூத்தபோது குறிஞ்சித் தேனுக்கு எவ்வளவு கிராக்கி என்று பார்த்தோம். அடுத்த பூ 2030இல். இருந்து பார்ப்போம்.

அதனால் இந்தப் பதிவைத் தேனுக்கு எதிரானது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நம் வீடுகளில் மருந்தோடு தேனைச் சேர்ப்பதும் புதிதல்ல. சுக்கு, மிளகு, திப்பிலி சேர்ந்த திரிகடுகுச் சூரணத்தைத் தேனில் குழைத்து நாக்கில் தடவுவார்கள். சித்த வைத்தியத்தில் இதற்கு அனுபானம் என்று பெயர். மருந்தை உள்ளே கொண்டுபோகிற துணைப்பொருள். காரமும் கசப்பும் தெரியாமல் இறங்கும், பொடி தொண்டையில் ஒட்டாது. அங்கே தேன் மருந்தோடு கூட்டாகப் போகிறது. இன்று சுற்றுகிற செய்தியிலோ தேன் மருந்தோடு சண்டை போடுகிற காவல்காரனாக வருகிறது. இரண்டும் ஒன்று என்று நினைத்துத்தான் பலர் சட்டென்று நம்பிவிடுகிறார்கள்.

சரி, அந்தச் செய்தியில் உண்மையே இல்லையா? கொஞ்சம் இருக்கிறது. அதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும்.

காய்ச்சலுக்கு நாம் எல்லோரும் போடுகிற பாராசிட்டமாலை எடுத்துக்கொள்வோம். அதில் பெரும்பகுதியைக் கல்லீரல் சாதாரணமாகப் பக்குவம் செய்து வெளியே அனுப்பிவிடும். ஒரு சிறு பகுதி மட்டும் நச்சுப் பொருளாக மாறும். அந்த நச்சைப் பிடித்து அடக்குவதற்குக் கல்லீரலில் குளூட்டாதயோன் என்ற பொருள் இருப்பு இருக்கிறது. சரியான அளவில் மாத்திரை போட்டால் இந்த இருப்பே போதும். அளவு மீறினால் இருப்பு தீர்ந்துபோகும். பிறகு அந்த நச்சு கல்லீரல் செல்களையே தாக்கும்.

ஆராய்ச்சிக் கூடங்களில் எலிகளுக்கு வேண்டுமென்றே அதிக அளவில் பாராசிட்டமாலைக் கொடுத்து, சில எலிகளுக்குத் தேனும் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். தேன் கிடைத்த எலிகளின் கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் பாதிப்பு குறைவாக இருந்ததாக எகிப்து உட்படப் பல நாடுகளின் ஆய்வுகள் சொல்கின்றன. தேனில் மிகச் சிறு அளவில் இருக்கிற, பூவிலிருந்து வரும் சில பொருட்கள் இதற்குக் காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். புற்றுநோய்க்குக் கொடுக்கும் சிஸ்பிளாட்டின் என்ற மருந்து சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது. அந்த மருந்து பெறும் முப்பது பேர் அளவிலான நோயாளிகளிடம் எகிப்தில் தேனையும் அரசத்தேனீக்கு ஊட்டும் பாலையும் கொடுத்துப் பார்த்த சிறிய ஆய்வு ஒன்று 2017இல் வெளிவந்தது. அதிலும் ஓரளவு நல்ல பலன் தெரிந்தது.

ஆக, விஞ்ஞானிகள் கதவைத் தட்டிப் பார்த்திருக்கிறார்கள். கதவு திறந்துவிட்டது என்று சொல்வது தேன் விற்பவர்கள்தான்.

எலிக்கும் நமக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று பாருங்கள். அந்த எலிகள் இளம் எலிகள், நோய் இல்லாதவை. ஒரே ஒரு மருந்துதான் கொடுக்கிறார்கள். பல சோதனைகளில் தேனை முன்கூட்டியே பல நாள் கொடுத்துவிட்டுப் பிறகுதான் நச்சைக் கொடுக்கிறார்கள். நம் வீட்டுப் பெரியவர் அப்படியா? வயது அறுபதைத் தாண்டியிருக்கும், பிரஷர் இருக்கும், சர்க்கரை இருக்கும், நாலு வகை மாத்திரை ஓடும், அதற்கு மேல் வெயிலில் நின்று தண்ணீர் குடிக்காமல் வேலையும் பார்த்திருப்பார்.

அளவையும் பாருங்கள். பேச்சுக்கு, எலிக்கு அதன் எடையில் கிலோவுக்கு 2 கிராம் தேன் என்று வைத்துக்கொள்வோம். 60 கிலோ மனிதருக்கு நேர்க்கணக்குப் போட்டால் 120 கிராம் வரும். தேனில் ஏறக்குறைய 80 சதவீதம் சர்க்கரைதான். அதாவது தினம் 96 கிராம் சர்க்கரை! எலியின் உடல் வேகம் வேறு, நம் உடல் வேகம் வேறு என்பதால் இந்த நேர்க்கணக்கே பொருந்தாது என்பது தனி விஷயம். கிலோ கணக்கு, நாள் கணக்கு எதுவும் இல்லாமல் "இரண்டு ஸ்பூன்" என்ற அளவு எங்கிருந்து வந்தது? அதைத்தான் கேட்கிறேன். விடை மட்டும் எழுதி வழி எழுதாத கணக்குக்கு நான் எப்போதும் மார்க் போட்டதில்லை.

இன்னொன்று. பாராசிட்டமால் அளவு மீறிப் போனவர்களுக்கு நிஜமான முறிமருந்து ஒன்று இருக்கிறது. அசிட்டைல்சிஸ்டீன் என்று பெயர். தீர்ந்துபோன குளூட்டாதயோனை உடல் மறுபடி உண்டாக்க அது உதவும். மாத்திரை விழுங்கிய 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால் பலன் மிக நன்றாக இருக்கும். இதில் பயப்பட வேண்டிய விஷயம் என்னவென்றால், முதல் நாளில் பெரிதாக எதுவும் தெரியாது. குமட்டல் இருக்கும், சிலருக்கு அதுவும் இருக்காது. கல்லீரல் கெடுவது அதற்குப் பிறகுதான் வெளியே தெரியும். அந்த நேரத்தில் வீட்டில் தேன் கொடுத்துவிட்டு "சரியாகிவிடும்" என்று உட்கார்ந்திருந்தால், இழப்பது அந்த 8 மணி நேரத்தை. நம் ஊரிலிருந்து மேலே கொடைக்கானலுக்கோ கீழே பழனிக்கோ மலைச்சாலையில் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். மழைக்காலத்தில் மண் சரிந்தால் சொல்லவே வேண்டாம்.

ஆனாலும் நம் மலையில் நான் அதிகம் கவலைப்படுவது பாராசிட்டமாலைப் பற்றி அல்ல. வலி மாத்திரையைப் பற்றி.

நம் மக்களின் உழைப்பு முழங்காலிலும் இடுப்பிலும்தான் இறங்குகிறது. சரிவில் நின்று காப்பிப் பழம் பறிக்கிறோம். ஏணி வைத்து மிளகு பறிக்கிறோம். வாழைத்தாரைத் தோளில் வைத்து ரோட்டுக்குக் கொண்டுவருகிறோம். சாயங்காலம் கால் வீங்குகிறது. ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போய்விடும். கடையில் கேட்டால் தாளில் மடித்துச் செட் மாத்திரை தருகிறார்கள். அதில் என்ன மாத்திரை இருக்கிறது என்று பெயரும் தெரியாது, அளவும் தெரியாது. போட்டதும் வலி போய்விடுகிறது. மறுநாள் மறுபடியும் சரிவு, மறுபடியும் மாத்திரை. மருந்துச் சீட்டு இல்லாமல் இப்படி வருடக்கணக்கில் விழுங்குகிறவர்கள் நமக்குத் தெரிந்தவர்களிலேயே எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் என்ன செய்கின்றன? வலியையும் வீக்கத்தையும் உண்டாக்கும் சில பொருட்களை உடலில் சுரக்காமல் தடுக்கின்றன. அதே பொருட்களுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. சிறுநீரகத்துக்குள் போகும் ரத்தக்குழாயை விரித்து வைத்து, ரத்தம் குறையாமல் பார்த்துக்கொள்வது அது. தண்ணீர் குடிக்காதபோதும் வயதான பிறகும் சிறுநீரகம் இந்த ஏற்பாட்டைத்தான் நம்பியிருக்கிறது. மாத்திரை அதைத் தடுத்ததும் குழாய் சுருங்குகிறது, ரத்தம் குறைகிறது. வாய்க்காலில் மடையை அடைத்த மாதிரி. சில வகை பிரஷர் மாத்திரைகளும், நீர் பிரியக் கொடுக்கும் மாத்திரையும், வலி மாத்திரையும் மூன்றுமாகச் சேரும்போது ஆபத்து இன்னும் கூடும் என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். நம் வீடுகளில் இந்த மூன்றும் ஒரே டப்பாவில்தான் கிடக்கின்றன.

மடை அடைபட்ட வாய்க்காலுக்குத் தேன் என்ன செய்யும்?

வலி மாத்திரை சிறுநீரகத்தை எப்படிச் சாய்க்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு பெரிய சாட்சி உண்டு. முன்பெல்லாம் செத்த மாட்டைச் சுற்றிக் கூட்டமாக இறங்கும் பாறுக் கழுகுகளை இன்று எங்கே காணோம்? 1990களில் அவை கொத்துக் கொத்தாக மடிந்தன. வெண்முதுகுப் பாறுகள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் அழிந்தன. காரணத்தை 2004இல்தான் கண்டுபிடித்தார்கள். மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் ஊசி! அந்த மருந்து தங்கிய மாடு செத்து, அதைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகம் செயலிழந்துபோனது. 2006இல் மாடுகளுக்கு அந்த மருந்தைத் தயாரிக்க மத்திய அரசு தடை விதித்தது. இன்று தமிழ்நாட்டில் பாறுகளைப் பார்க்க நீலகிரி, சத்தியமங்கலம் பக்கத்துக் காடுகளுக்குத்தான் போக வேண்டும். கழுகின் உடல் அந்த மருந்துக்கு மிகவும் பலவீனமானது, மனித உடல் அப்படி இல்லை என்பது உண்மைதான். மருத்துவர் சொல்லி ஐந்து நாள் போடுவதால் யாரும் பயப்பட வேண்டாம். ஆனால் அந்த மருந்து எந்த உறுப்பின் கதவைத் தட்டும் என்பதற்கு இதைவிட என்ன பாடம் வேண்டும்?

நம் மலையில் ஒருவர். ஊர், பேர் வேண்டாம். இரண்டு வருடத்துக்கு மேல் தினம் வலி மாத்திரை. "நான்தான் காலையில தேன் குடிக்கிறேனே, சூடு தணிஞ்சிடும்" என்பார். பசி குறைந்தது, கால் வீங்கியது, முகம் ஊதியது. ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் ஏறியிருந்தது. சிறுநீரகம் சத்தம் போடாத உறுப்பு. பெரும்பாலும் பாதிக்குப் பாதி கெட்ட பிறகுதான் அந்தப் பரிசோதனையிலேயே தெரிய ஆரம்பிக்கும். தேன் அவருக்கு நேரடியாக ஒரு கெடுதலும் செய்யவில்லை. ஆனால் இரண்டு வருடம் பயமில்லாமல் மாத்திரை போடுகிற தைரியத்தைக் கொடுத்தது. பொய்யான பாதுகாப்பின் கெடுதல் இதுதான். பிடிமானம் இல்லாத கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு பாறையில் இறங்கலாமா என்று தேன் எடுக்கிற பளியரிடம் கேட்டுப் பாருங்கள். கயிறே இல்லாமல் இருந்தால் இறங்கியே இருக்க மாட்டோம் என்பார்கள்.

சர்க்கரை நோய் உள்ள அண்ணன்மார், மதினிமார், மாமாக்கள் இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். நம் நாட்டில் சிறுநீரகம் கெடுவதற்கு முதல் காரணம் சர்க்கரை நோய். தேன் இயற்கையானது, அதனால் சர்க்கரை ஏறாது என்று சொல்வது தவறு. ஒரு மேசைக்கரண்டி தேனில் ஏறக்குறைய 17 கிராம் சர்க்கரை இருக்கிறது. கிட்னியைக் காப்பாற்ற வேண்டுமென்று தினம் இரண்டு கரண்டி குடித்து, கிட்னியைக் கெடுக்கிற சர்க்கரையையே ஏற்றிக்கொள்வது என்ன நியாயம்? திருடனுக்குப் பயந்து வீட்டுச் சாவியை அவனிடமே கொடுத்து வைப்பதற்குச் சமம்.

இவ்வளவு சொன்ன பிறகு, தேன் உண்மையிலேயே சிறுநீரகத்தைக் காப்பாற்றும் வழி எது என்று கேட்பீர்கள். சொல்கிறேன். தேவையில்லாத மருந்து உள்ளே போகாமல் தடுக்கிற வழி.

2025 அக்டோபர் மாதச் செய்தி நினைவிருக்கிறதா? மத்தியப் பிரதேசத்தில் சிந்த்வாரா பகுதியில் சளி, காய்ச்சல் என்று வந்த சின்னஞ்சிறு குழந்தைகளுக்கு இருமல் மருந்து கொடுத்தார்கள். சில நாளில் குழந்தைகளுக்குச் சிறுநீர் நின்றுபோனது. இருபதுக்கும் மேற்பட்ட பிஞ்சுகள் இறந்தன. அந்தக் கோல்ட்ரிஃப் மருந்து தயாரானது எங்கோ இல்லை, நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். நம் மாநில ஆய்வகம் சோதித்தபோது அதில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைகால் இருந்தது. இருக்கலாம் என்று விட்டிருக்கும் அளவு 0.1 சதவீதம்தான். அது தொழிற்சாலைகளில் பயன்படுத்தும் ரசாயனம். சிறுநீரகத்தை நேராகக் கொல்வது. அதுவும் இனிப்பாகத்தான் இருக்கும். குழந்தைக்கு என்ன தெரியும்?

இது முதல் முறையும் அல்ல. 1937இல் அமெரிக்காவில் இதே நஞ்சு கலந்த மருந்தால் 100 பேருக்கு மேல் இறந்தார்கள். 1972இல் நம் சென்னையிலேயே 15 குழந்தைகள் இறந்தன. 2022இல் ஆப்பிரிக்காவின் காம்பியா நாட்டில் ஏறக்குறைய 70 குழந்தைகள். அந்த மருந்தும் இந்தியாவிலிருந்து போனது. ஒவ்வொரு முறையும் விசாரணை, கைது, தடை. தயாரிப்பவனையும் கண்காணிக்காத அதிகாரியையும் சட்டம் கேட்கட்டும், கேட்கத்தான் வேண்டும். நான் கேட்பது வேறு. அந்தக் குழந்தைகளில் பலருக்கு அந்த இருமல் மருந்து தேவையாகவே இருந்திருக்காது. சாதாரணச் சளி தானாகவே சரியாகக்கூடியது. சிந்த்வாரா செய்தி வந்ததும் மத்திய சுகாதாரத் துறையும் அதைத்தான் சொன்னது: 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்து கொடுக்கவே கூடாது, 5 வயதுக்குக் கீழும் பொதுவாக வேண்டாம்.

சரி, ராத்திரி முழுக்கக் குழந்தை இருமினால் தாய் என்ன செய்வாள்? இங்கேதான் நம் தேன் வருகிறது. இதற்கு எலி தேவைப்படவில்லை, குழந்தைகளிடமே பார்த்திருக்கிறார்கள். 2007இல் அமெரிக்காவில் 105 குழந்தைகளைப் பிரித்து, சிலருக்குப் படுக்கும் முன் தேன், சிலருக்கு வழக்கமான இருமல் மருந்து, சிலருக்கு எதுவுமே இல்லை என்று வைத்துப் பார்த்தார்கள். பெற்றோர் போட்ட மார்க்கில் தேன் முதலிடம். இருமல் மருந்து கொடுத்ததற்கும் எதுவும் கொடுக்காததற்கும் வித்தியாசமே இல்லை! 2012இல் இஸ்ரேலில் 1 முதல் 5 வயது வரையிலான 300 குழந்தைகளுக்கு, தூங்குவதற்கு அரை மணி நேரம் முன்பு 10 கிராம் தேன் கொடுத்துப் பார்த்தார்கள். தேன் போலவே இருக்கும் பேரீச்சம்பழப் பாகு கொடுத்த குழந்தைகளைவிட இவர்கள் நன்றாகத் தூங்கினார்கள். பிரிட்டன் அரசின் மருத்துவ வழிகாட்டியே 2018 முதல் சாதாரண இருமலுக்குத் தேனைப் பரிந்துரைக்கிறது. நம் அப்பத்தாக்கள் சுக்குத் தட்டித் தேனில் குழைத்துக் கொடுத்ததை லண்டன் இப்போது எழுதி வைக்கிறது.

ஒரு கரண்டித் தேன் ஒரு பாட்டில் மருந்தை வீட்டுக்கு வெளியே நிறுத்துகிறது. விழுங்கிய மருந்தோடு வயிற்றுக்குள் அது சண்டை போட வேண்டியதில்லை, வாசலிலேயே தடுத்துவிடுகிறது. சிறுநீரகத்துக்குத் தேன் செய்கிற, நான் நம்புகிற உதவி இதுதான்.

ஆனால் இதற்கும் ஒரு கோடு உண்டு. 1 வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. ஒரு சொட்டும் கூடாது. தேனில் சில சமயம் பொட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் இருக்கும். பெரியவர் குடலில் அது ஒன்றும் செய்யாது. பச்சைக் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கி, தசைகளைச் செயலிழக்க வைத்துவிடும். காய்ச்சினாலும் அந்த வித்து சாகாது. நம் பக்கம் பிறந்த குழந்தைக்குச் சேனை வைக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. நல்ல குணமுள்ள பெரியவர் கையால் நாக்கில் தேனோ சர்க்கரைத் தண்ணீரோ தொட்டு வைப்பது. உங்கள் ஆசை எனக்குப் புரிகிறது. குழந்தையின் நெற்றியில் கை வைத்து வாழ்த்துங்கள், அந்தக் குணம் அப்படியும் வரும். நாக்குக்கு முதலில் போக வேண்டியது தாயின் சீம்பால்.

அடுத்து, எந்தத் தேன்? 2020 டிசம்பரில் டெல்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம், கடைகளில் விற்கும் 13 பிராண்டுத் தேன்களை வெளிநாட்டு ஆய்வகம் வரை அனுப்பிச் சோதித்தது. அத்தனை சோதனைகளிலும் தேறியவை 3 மட்டுமே. மற்றவற்றில் சர்க்கரைப் பாகு கலந்திருப்பதாக அந்த மையம் சொன்னது. நிறுவனங்கள் மறுத்தன. தண்ணீரில் விட்டுப் பார்ப்பது, தீக்குச்சியில் தடவிக் கொளுத்துவது போன்ற வீட்டுச் சோதனைகளில் இந்தப் பாகு பிடிபடாது. எலிக்குக் கொடுத்தது ஆய்வுக்கூடத்தில் வகை பார்த்து எடுத்த தேன். நாம் குடிப்பது அதேதானா? மலையில் இருக்கிற நமக்கு ஒரு வசதி. தேன் எடுக்கிறவரையே நமக்குத் தெரியும். பெட்டி வைத்திருக்கும் பக்கத்துத் தோட்டக்காரரிடமோ பளியர் மக்களிடமோ நேரில் வாங்குங்கள், நியாயமான விலை கொடுங்கள். 1991-92 வாக்கில் ஒரு வைரஸ் நோய் வந்து தென்னிந்தியா முழுக்க நம் நாட்டுத் தேனீக் கூட்டங்கள் அழிந்து, பெட்டிகள் காலியாகக் கிடந்ததைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த அடியிலிருந்து மீண்டு வந்த தேனீக்கள் தருகிற தேன் இது.

கடைசியாக, இந்தப் பதிவைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறவர்கள் இருப்பார்கள். "மாத்திரை கிட்னியைக் கெடுக்கும்னு டீச்சரே எழுதிட்டாங்க" என்று பிரஷர் மாத்திரையையும் சர்க்கரை மாத்திரையையும் நிறுத்திவிடாதீர்கள். சிறுநீரகத்தைக் காப்பாற்றுவதே அந்த மாத்திரைகள்தான். காசநோய்க்கு மருந்து எடுப்பவர்கள் இன்னும் கவனம். அந்த மருந்துகள் சிலருக்குக் கல்லீரலைப் பாதிக்கும் என்பது உண்மை. அதற்காகத் தேனை நம்பி மருந்தை நிறுத்தினால் நோய் மருந்துக்கு அடங்காத நோயாகத் திரும்பி வரும். சாப்பாடு வெறுத்துப்போதல், தொடர்ந்து வாந்தி, சிறுநீர் அடர்நிறத்தில் போதல், கண் மஞ்சளாதல், இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். மருந்தை மாற்றுவதா, நிறுத்துவதா என்பதை அவர் பார்த்துக்கொள்வார்.

நான் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான்:

1. செட் மாத்திரை வாங்காதீர்கள். பெயர் தெரியாத மாத்திரை வாய்க்குள் போகக் கூடாது.

2. வலி மாத்திரை சில நாளுக்கு மேல் தேவைப்பட்டால், அது மருத்துவரைப் பார்க்க வேண்டிய வலி. வெறும் வயிற்றிலோ, தண்ணீர் குடிக்காத நாளிலோ, வாந்திபேதி இருக்கும்போதோ அதைப் போடாதீர்கள்.

3. பாராசிட்டமால் நல்ல உடம்புள்ள பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 4 கிராம்தான் எல்லை. அதாவது 500 மில்லிகிராம் என்றால் 8, 650 என்றால் 6. எடை குறைந்தவர்களுக்கும் குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கும் அதைவிடக் குறைவு. பல சளி மாத்திரைகளுக்குள்ளும் பாராசிட்டமால் இருக்கிறது. அட்டையைப் படித்துவிட்டுக் கணக்கில் சேருங்கள்.

4. பிரஷர், சர்க்கரை உள்ளவர்கள் வருடம் ஒருமுறையாவது கிரியாட்டினினும் சிறுநீரில் புரதமும் பாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

5. எந்த மருத்துவரிடம் போனாலும் நீங்கள் சாப்பிடுகிற எல்லாவற்றையும் சொல்லுங்கள். நாட்டு மருந்து, லேகியம், தேன் உட்பட.

6. 1 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்குச் சாதாரண இருமல் என்றால் படுக்கும் முன் ஒரு சிறு கரண்டி தேன். மூச்சு இழுத்தாலோ, காய்ச்சல் விடாவிட்டாலோ, பால் குடிக்காவிட்டாலோ உடனே ஆஸ்பத்திரி.

வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஊருக்கு வரும்போது அம்மா அப்பாவின் மாத்திரை டப்பாவைத் திறந்து கொட்டிப் பாருங்கள். எது எதற்கு என்று கேளுங்கள். காலாவதியானதையும் பெயர் தெரியாததையும் எடுத்து வையுங்கள். மீதியை ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். அரை மணி நேர வேலை. திரும்பும்போது அம்மா கட்டிக்கொடுக்கும் தேன் பாட்டிலை மறக்காமல் எடுத்துப் போங்கள். தோசைக்குத் தொட்டுக்கொள்ள அதைவிட ருசியானது வேறு இல்லை.

வாழ்க நலமுடன்.